முதுகுப் பக்கம் மாட்டுற கிளிப்பு

போன வாரம் ஒரு குர்தி ஷூட். 40 பீஸ், ஒரே மாடல், காலைல 9 மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலத்துக்குள்ள முடிச்சாகணும். பார்ட்டி, அதாவது துணி கம்பெனிக்காரங்க, குடுத்துவிட்ட சாம்பிள் எல்லாமே எம் சைஸ், வந்த பொண்ணுக்கு எக்ஸ்எஸ்ஸே கொஞ்சம் லூசுதான். அதனால ஒவ்வொரு குர்தி மாத்தும்போதும் முதுகுப் பக்கம் துணிய மடிச்சு இழுத்துப் புடிச்சு, கழுத்துலருந்து இடுப்பு வரைக்கும் அஞ்சாறு பைண்டர் கிளிப்ப வரிசையா மாட்டுவோம். முன்னாடி நின்னு பாத்தா அளவெடுத்து தச்ச மாதிரி இருக்கும். பின்னாடி போனா முதுகெலும்பு மேல கருப்பா ஒரு வரிசை கிளிப்பு, நடுவுல கசங்குன துணி, அந்தப் பொண்ணு சேர்ல சாய முடியாம ஸ்டூல் நுனில உக்காந்து டீ குடிக்கும்.

ஆன்லைன்ல பாத்து வாங்கிட்டு, "அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ அழகா நிக்குது, எனக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கு"ன்னு கண்ணாடி முன்னாடி வயித்த உள்ள இழுத்துப் பாக்கறீங்கல்ல, அந்த குர்தி அந்தப் பொண்ணுக்கும் சேரலங்க. அதத்தான் சொல்ல வந்தேன்.

திருப்பூர்ல கேட்டலாக் போட்டோ எடுக்கறது என் வேல, 9 வருஷம் ஆச்சு. நைட்டி, லெக்கிங்ஸ், குர்தி, டீஷர்ட், எது வந்தாலும் எடுப்பேன். மாடல்னா ஒல்லியாத்தான் இருக்கணும்னு யாரு முடிவு பண்றதுன்னு நெறைய பேரு கேட்டிருக்காங்க. நான் பாத்த வரைக்கும் அது கேமராவ எடுக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே கட்டிங் டேபிள்ல முடிவாயிடுது. ஒரு டிசைன் ஓகே ஆச்சுன்னா முதல்ல ஒரே ஒரு சைஸ்லதான் சாம்பிள் வெட்டுவாங்க, இங்க பெரும்பாலும் எம். மத்த சைஸ் எல்லாம் பேப்பர்ல கிரேடிங் பண்ணி, அதாவது அந்த ஒரு அளவ வெச்சே பெருசு சின்னதாக்கி, பின்னாடி வரும். போட்டோ எடுக்கற தேதில கைல இருக்கறது அந்த ஒரு சாம்பிள்தான், அப்ப அந்த துணிக்குள்ள போற ஆளத்தான் தேடுவாங்க. துணி பெருசா இருந்தா கிளிப்பு போட்டு இறுக்கிக்கலாம், சின்னதா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது.

பாரிஸ், மிலான், நியூயார்க்னு பெரிய டிசைனர்ங்க கதையும் இதேதான், அங்க சாம்பிள் இன்னும் சின்னது, அமெரிக்க அளவுல 0லருந்து 4 வரைக்கும், நம்ம எக்ஸ்எஸ், எஸ் மாதிரி. ஷோவுல மாடல் போட்டு நடந்த அதே டிரெஸ்தான் அப்புறம் ஒவ்வொரு பத்திரிகை ஆபீசா சுத்தும், அதப் போட்டுத்தான் அட்டைப்படம், உள்பக்கம் எல்லாம். 2009ல பிரிட்டிஷ் வோக்ங்கற ஃபேஷன் பத்திரிகையோட எடிட்டர் அலெக்சாண்ட்ரா ஷுல்மன் பெரிய பெரிய டிசைனர்களுக்கெல்லாம் ஒரு லெட்டர் எழுதுனாங்க. நீங்க அனுப்பற சாம்பிள் வரவர ரொம்ப சின்னதாயிட்டே போகுது, அதுக்குள்ள நுழையற பொண்ணுங்களத்தான் நாங்க எடுக்க வேண்டியிருக்கு, எலும்பு துருத்திட்டு தெரியுதுன்னு போட்டோவுல அவங்கள கொஞ்சம் பெருசாக்கி ரீடச் பண்ண, அதாவது கம்ப்யூட்டர்ல திருத்த வேண்டியிருக்குன்னு. பெருசாக்கி! உலகத்துல இருக்கற பொண்ணுங்க எல்லாம் போட்டோவுல இடுப்ப கம்மி பண்றாங்கன்னு நெனச்சிட்டு இருக்கோம், அங்க ஒல்லிய மறைக்கறதுக்கு ரீடச் நடந்துட்டு இருந்துருக்கு. இத மொதல்ல படிச்சப்ப எனக்கு அந்தப் பொண்ணுங்க மேலதான் பாவமா இருந்துச்சு. அதுக்கு 3 வருஷம் முன்னாடிதான், 2006ல, உருகுவே நாட்டு மாடல் லூயிசெல் ராமோஸ் ஷோவுல நடந்துட்டு வந்த கொஞ்ச நேரத்துல இறந்து போனாங்க, அதே வருஷம் நவம்பர்ல பிரேசில்ல ஆனா கரோலினா ரெஸ்டன்ங்கற மாடல், வயசு வெறும் 21. ஒல்லியாகறதுக்காக சாப்பாட்ட ரொம்ப கொறச்சவங்க ரெண்டு பேருமே. ஒல்லியா இருக்கற மாடலப் பாத்து குச்சி, எலும்புக்கூடுன்னு கமெண்ட் போடறவங்க இத ஒரு தடவ யோசிக்கணும். அவங்களும் அந்த சாம்பிளுக்குள்ள மாட்டிக்கிட்டவங்கதான்.

அந்த லெட்டருக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னா, 2017 ஜனவரி இதழுக்கு அதே எடிட்டர் ஆஷ்லி கிரஹாம அட்டைப்படத்துல போட்டாங்க. ஆஷ்லி பெரிய சைஸ் மாடல், அமெரிக்க அளவுல 16, அதுக்கு முந்தின வருஷம்தான் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் நீச்சலுடை இதழோட அட்டைல வந்து ஊரே பேசுச்சு. அவ்ளோ பேரு வாங்குன மாடலுக்கே, சில பெரிய ஃபேஷன் ஹவுஸ்கள் டிரெஸ் குடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்கன்னு ஷுல்மன் அந்த இதழ்லயே எழுதினாங்க. கோச்ங்கற ஃபேஷன் கம்பெனிதான் முன்வந்து அவங்க அளவுக்கு டிரெஸ் குடுத்துச்சு. எடிட்டருக்கு மனசு இருக்கு, போட்டோகிராபர் ரெடி, மாடல் ரெடி, போட்டுக்க துணி இல்ல. இதவிட தெளிவா என்னால சொல்ல முடியாது.

ஜனங்களுக்கு புடிக்காதுன்னு ஒரு காரணம் சொல்லுவாங்க எப்பவும். எங்க பார்ட்டிங்களும் இதத்தான் சொல்லுவாங்க, "குண்டா போட்டா ஓடாதுங்க". 2009 செப்டம்பர்ல அமெரிக்காவுல கிளாமர்ங்கற பெண்கள் பத்திரிகைல 194ஆம் பக்கத்துல ஒரு சின்ன படம் வந்துச்சு, 3 இஞ்சுக்கு 3 இஞ்ச் இருக்கும், அட்டைல கூட இல்ல. லிசி மில்லர்னு 20 வயசுப் பொண்ணு, ஒடம்புல துணி ஏதும் பெருசா இல்லாம உக்காந்து சிரிக்கறாங்க, அப்ப வயிறு மடிஞ்சு லேசா முன்னாடி வந்து தொடை மேல படிஞ்சிருக்கு. அவ்ளோதான் படம். உக்காந்தா எல்லாருக்கும் மடியும், நான் இத டைப் அடிக்கும்போது எனக்கும் மடிஞ்சுதான் இருக்கு. ஆனா ஒரு ஃபேஷன் பத்திரிகைல அந்த மடிப்ப அழிக்காம விட்டது அது வரைக்கும் ஜனங்க அதிகம் பாக்காத விஷயம். லெட்டரா வந்து குவிஞ்சுது, "194ஆம் பக்கத்துப் பொண்ணு"ன்னே பேராயிடுச்சு, பத்திரிகைக்காரங்களே எதிர்பாக்கல, நவம்பர் இதழ்ல லிசியயும் இன்னும் 6 பேரயும் சேத்து பெரிய படமா போட்டாங்க. அந்த 6 பேர்ல ஒருத்தர் ஆஷ்லி கிரஹாம்.

அந்த படத்த எடுத்தவரு வால்டர் சின். நான் அத பெருசு பண்ணி ரொம்ப நேரம் பாத்துருக்கேன். வயித்த மறைக்க கை குறுக்க இல்ல, தலகாணி இல்ல, லைட்ட அந்தப் பக்கம் கொறைக்கல. எனக்கு ஏன் அது பெருசா தெரிஞ்சுதுன்னா நான் தொழில் கத்துக்கிட்டது நேர்மாறா. அசிஸ்டெண்டா இருந்தப்ப சொல்லிக் குடுத்தது எல்லாம் மறைக்கற வித்ததான், ஒடம்பு பெருசா இருந்தா சைடா திரும்பி நிக்க வை, கைல ஒரு ஹேண்ட்பேக் குடு, துப்பட்டாவ இடுப்புப் பக்கம் வழிய விடு, இருட்டான பேக்ட்ராப் போடு, மிச்சத்த போட்டோஷாப்ல லிக்விஃபை பண்ணிக்கலாம்னு, அதாவது படத்துல ஒடம்ப உள்ள தள்ளி ஒல்லியாக்கறது. லிக்விஃபை பண்ணா இடுப்போட சேந்து பின்னாடி இருக்கற கதவு நெலையும் வளையும், டைல்ஸ் கோடு வளையும், அப்புறம் அத நிமித்தறதுக்கு அர மணி நேரம். எத்தன ராத்திரி நான் கதவு நெலைய நேராக்கிட்டு உக்காந்துருக்கேன். ஒரு மனுஷிய சின்னதாக்கினதுக்கு செவுரு சாட்சி சொல்லிரும்னு அத அழிச்சிட்டு இருந்தேன், அத நெனச்சா இப்பவும் மனசு சங்கடமா இருக்கு.

பிரான்ஸ்ல இதுக்கு சட்டமே இருக்கு. 2017 அக்டோபர் 1லருந்து விளம்பரத்துல மாடலோட ஒடம்ப ஒல்லியாக்கியோ குண்டாக்கியோ ரீடச் பண்ணியிருந்தா, இது ரீடச் பண்ண படம்னு படத்துலயே போடணும், இல்லன்னா 37,500 யூரோ வரைக்கும் அபராதம். இஸ்ரேல்ல அதுக்கும் முன்னாடியே, 2012லயே இப்படி ஒரு சட்டம் போட்டுட்டாங்க. போட்டோ விக்கற கெட்டி இமேஜஸ் கம்பெனி அதே அக்டோபர் 1லருந்து ஒடம்பு அளவ மாத்தின படங்கள அவங்க கிரியேட்டிவ் கலெக்‌ஷன்ல வாங்கறதில்லன்னு அறிவிச்சாங்க. நல்லதுதான். ஆனா ரீடச் பண்ணாமலே ஒரு போட்டோவால எவ்ளோ செய்ய முடியும்னு எங்கள மாதிரி ஆளுங்களுக்குத்தான் தெரியும்.

2025ல பிரிட்டன்ல நடந்தத பாருங்க. அங்க விளம்பரங்கள கண்காணிக்கற ஏஎஸ்ஏன்னு ஒரு அமைப்பு, ஒரே வருஷத்துல நெக்ஸ்ட், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், ஸாரான்னு மூணு துணிக் கம்பெனிகளோட படங்களையும் மாடல் ஆரோக்கியமில்லாத அளவுக்கு ஒல்லியா தெரியறாங்கன்னு நிறுத்தச் சொல்லுச்சு. தீர்ப்புல எழுதியிருந்த காரணம்தான் என்னைய நிமிந்து உக்கார வெச்சுது. ஸாரா படத்துல முடிய இழுத்து வாரி கட்டியிருக்கறதால மொகம் ஒட்டுன மாதிரி தெரியுது, நிழல் விழுந்து கால் ரொம்ப மெலிசா தெரியுது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் படத்துல கூர் மூக்கு ஷூ பெருசா இருக்கறதால கால் இன்னும் குச்சியா தெரியுது. நெக்ஸ்ட் படத்துல நிக்க வெச்ச விதமும் கேமரா வெச்ச எடமும். ஸாரா தரப்புல லைட்டிங்கும் கலரும் லேசா சரி பண்ணத தவிர எதயும் மாத்தலன்னு சொன்னாங்க, மாடல்கிட்ட மெடிக்கல் சர்டிபிகேட்டும் இருந்துச்சாம். நான் நம்பறேன். சாஃப்ட்பாக்ஸ்னு துணி மூடுன ஸ்டுடியோ லைட்டு இருக்கு, அத அர அடி தள்ளி வெச்சா கன்னம் உள்ள போயிரும், ட்ரைபாட எறக்கி வெச்சா கால் நீண்டுரும், வைட் லென்ஸ்ல கிட்டப் போனா எந்தப் பக்கம் கேமராவுக்கு கிட்ட இருக்கோ அது வீங்கிரும். ஒடம்பு அதேதான் இருக்கும். அதனால சாம்பிள்தான் காரணம்னு மேல சொல்லிட்டு போட்டோகிராபருக்கு பங்கே இல்லன்னு நான் தப்பிச்சுக்க மாட்டேன்.

நடுவுல கொஞ்ச வருஷம் நெலம நல்லா மாறிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. 2023 ஏப்ரல்ல பிரிட்டிஷ் வோக் அட்டைல பலோமா எல்செஸ்ஸர், பிரஷஸ் லீ, ஜில் கோர்ட்லெவ்னு ஒல்லியா இல்லாத மாடல்கள் மூணு பேரு வந்தாங்க, அந்த வருஷ கடைசில பிரிட்டன்ல வருஷத்தோட சிறந்த மாடல் விருது பலோமாவுக்குப் போச்சு. அதுக்கப்புறம் எறங்கிருச்சு. 2025 ஆரம்பத்துல நடந்த பெரிய ஃபேஷன் ஷோக்கள வோக் பிசினஸ்ங்கற ஃபேஷன் செய்தித் தளம் எண்ணிப் பாத்தப்ப 97.7 சதவீதம் அந்த 0 டூ 4 சைஸ்தான், 14ம் அதுக்கு மேலயும் சேத்து 0.3 சதவீதம். ஆயிரம் டிரெஸ்ல மூணு. இன்னொன்னு, பிளஸ் சைஸ், அதாவது பெரிய சைஸ்னு வர மாடல்கள்லயும் சிலருக்கு டிரெஸ் நெறயறதுக்கு உள்ள பேடிங் வெச்சுக் கட்டி எடுக்கறது உண்டு, ஏன்னா மொகமும் கழுத்தும் ஒல்லியா வேணுமாம், ஒடம்பு மட்டும் பெருசா வேணுமாம். ஒரு பக்கம் கிளிப்பு, ஒரு பக்கம் பஞ்சு.

சரி, நான் என்ன பண்ணேன்னு சொல்றேன். ஒரு நைட்டி பார்ட்டி, 4 எக்ஸ்எல் வரைக்கும் விக்கறாங்க, அவங்களுக்கு அதிகம் போறதே டபுள் எக்ஸ்எல்லும் த்ரீ எக்ஸ்எல்லும்தான், ரிட்டர்னும் அதுலதான் அதிகமா வருது. அதுக்கும் எம் சைஸ்ல எடுத்து "கொஞ்சம் அகலப்படுத்தி விட்ருங்க"ன்னாங்க. நான் முடியாதுன்னுட்டேன், த்ரீ எக்ஸ்எல்ல ஒரு பீஸ் வெட்டிக் குடுங்க, போட்டுக்கறவங்கள நான் பாத்துக்கறேன்னேன். ரெண்டு நாள் இழுத்து, அப்புறம் குடுத்தாங்க. அவங்க யூனிட்லயே ஓவர்லாக் மிஷின்ல உக்கார்ற ஒரு அக்கா, அம்பது வயசு கிட்ட, அதே சைஸ். கூலி பேசித்தான் கூட்டிட்டு வந்தேன். "என்னையப் போய் எதுக்கு கண்ணு"ன்னு வாசல்லயே நின்னாங்க. உள்ள வந்து நைட்டியப் போட்டுட்டு வெளிய வந்தவங்க கண்ணாடியப் பாக்கவே இல்ல, கைய மேல தூக்கி அக்குள் பக்கம் இழுத்துப் பாத்துட்டு, "இது தப்பா வெட்டியிருக்கு சாமி, தோளு எறங்கி நிக்குது, கை தூக்குனா ஒடம்போட சேந்து மொத்தமும் மேல வருது"ன்னாங்க.

பேட்டர்ன் மாஸ்டருக்கு போன் போட்டு வரச் சொன்னோம். எம் சைஸ் துணி வெட்டற பேட்டர்ன எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பெருசு பண்ணிருக்காங்க, அதனால தோளு அகலமாயிடுச்சு, ஆர்ம்ஹோல், அதாவது கை மாட்டற வளைவு, கீழ எறங்கிருச்சு. ஆனா ஒருத்தருக்கு வயிறும் இடுப்பும் கூடற அளவுக்கு தோளு எலும்பு கூடாதே. இத்தன வருஷம் ஆயிரக்கணக்குல இப்படியே தச்சு அனுப்பிருக்காங்க, யாரும் போட்டுப் பாக்கல, ஏன்னா போட்டோவுக்கு அந்த சைஸே தேவைப்படல. மாஸ்டர் அங்கயே நின்னு சாக்பீஸ்ல தோளுப் பக்கம் முக்கால் இஞ்ச் உள்ள மார்க் பண்ணாரு, அக்காவே எடுத்துட்டுப் போய் தச்சுட்டு வந்தாங்க. அன்னிக்கு நான் கிளிப்பு டப்பாவ தொறக்கவே இல்ல. நேரா நிக்க வெச்சு, வெளிச்சமா ரெண்டு பக்கமும் லைட் குடுத்து, கண் மட்டத்துல கேமரா வெச்சு எடுத்தேன். ஒரு படத்துல கைய தூக்கி கொண்டைய சரி பண்றாங்க, கை சதை தொங்குது, நைட்டி எடத்த விட்டு அசையல. எனக்கு அந்தப் படம் அவ்ளோ புடிச்சிருக்கு.

பார்ட்டி அத மூணாவது படமாத்தான் போட்டாங்க, முதல் படம் இன்னும் எம் சைஸ் பொண்ணுதான். அதுக்காக சண்ட போட்டேன், நடக்கல, அடுத்த தடவயும் போடுவேன். இப்ப புக்கிங் எடுக்கும்போதே பெரிய சைஸ்ல ஒரு பீஸாவது வேணும்னு எழுதிக் குடுத்துடறேன், சில பேரு வேற ஸ்டுடியோவப் பாத்துப் போயிட்டாங்க, ரெண்டு பேரு ஒத்துக்கிட்டாங்க. திங்கக்கெழம ஷூட்டுக்கு வந்த மூட்டைல டபுள் எக்ஸ்எல் நாலு பீஸ் இருக்கு. அக்காகிட்ட பேசிட்டேன், மகன் பரீட்சைக்குப் போனதும் 11 மணிக்கு மேல வரேன்னு சொன்னாங்க, தோளு அளவ மட்டும் முன்னாடியே பாத்து வெக்கச் சொன்னாங்க.