சந்தா நின்றபின் குளத்தில் கண்டவை

2008ஆம் ஆண்டின் இறுதியில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, பெரியவர்களுக்கான நீச்சல் மன்றம் ஒன்றில் பயிற்சியும் சந்தாக் கணக்கும் என் பொறுப்பில் இருந்தன. வேலையிழப்பு பரவினால் குளம் வெறிச்சோடிவிடும் என்று நிர்வாகத்தில் எல்லோருமே அஞ்சினோம். ஆனால் விடியற்காலைப் பயிற்சியில் ஆட்கள் குறையக் குறைய, அதுவரை ஓரிருவர் மட்டுமே நீந்திக்கொண்டிருந்த முற்பகல் வேளையில் லேன்கள் நிரம்பின. அலுவலகத்துக்கு ஓட வேண்டிய தேவை இல்லாமற்போனவர்களே அந்த நேரத்துக்கு மாறியிருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின.

முதலில் கைவிடப்பட்டவை போட்டிகள்தாம். 25 வயது தொடங்கி ஐந்தைந்து வயதுப் பிரிவுகளாக பெரியவர்களுக்கு நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டிகளில் நுழைவுக் கட்டணத்தைவிடப் பயணமும் தங்குமிடமுமே பெருஞ்செலவு. போதாக்குறைக்கு, 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் படைக்கப்பட்ட, வேகத்தைக் கூட்டும் பாலியூரித்தேன் (ஒருவகைச் செயற்கைப் பொருள்) நீச்சலுடைகளின் காலம் அது. விலையோ மிக அதிகம், ஆயுளோ குறைவு. 2010இல் அவற்றுக்குத் தடை வந்தபோது, பணமில்லாதவர்களுக்கும் ஒரு நியாயம் கிடைத்ததாகவே நான் கருதினேன். போட்டியை விட்டவர்கள் உடனே நீச்சலை விட்டுவிடவில்லை. எனினும் நாள் குறித்த இலக்கு இல்லாதபோது பயிற்சியாளர் எதற்கு என்ற எண்ணம் வந்தது; பயிற்சி வகுப்பிலிருந்து தனியே நீந்துவதற்கும், அங்கிருந்து வாரம் ஒருமுறைக்கும் அவர்கள் இறங்கியதைப் பதிவேட்டில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குளத்தின் செலவு மட்டும் இறங்கவில்லை. 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 25 லட்சம் லிட்டர் நீர் நிற்கிறது. அதை ஒரு டிகிரி சூடாக்கவே ஏறத்தாழ 2,900 யூனிட் ஆற்றல் வேண்டும். பத்துப் பேர் நீந்தினாலும் நூறு பேர் நீந்தினாலும் அது மாறாது. ஆகவே வருமானம் குறைந்ததும் நிர்வாகம் வெப்பத்தைக் குறைத்தது, நேரத்தைச் சுருக்கியது. மெதுவாக நீந்தும் முதியவர்களுக்குக் குளிர் தாங்கவில்லை. பணம் இருந்தும் அவர்கள் நின்றுவிட்டார்கள். 2022இல் எரிசக்தி விலை ஏறியபோது ஜெர்மனியில் பல குளங்களின் வெப்பத்தைக் குறைத்த செய்தியைப் படித்ததும் அந்த முகங்களே நினைவுக்கு வந்தன.

சந்தா நிலுவை வைத்தவர்களுக்கு வழக்கமான நினைவூட்டல் கடிதங்களை அனுப்பியது என் தவறு. ஒரு மூத்த உறுப்பினர் மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு வந்து, பெட்டகச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். சந்தாவைச் சில மாதம் நிறுத்திவைக்கும் ஏற்பாடு இருந்திருந்தால் அவர் அப்படிப் போயிருக்க மாட்டார் என்று இன்றும் நம்புகிறேன். அதை நாங்கள் கொண்டுவந்தது அதன் பிறகுதான்.

அதே குளத்தில் நடந்த குழந்தைகளின் நீச்சல் வகுப்பைப் பெற்றோர் எளிதில் நிறுத்தவில்லை. தங்கள் சந்தாவைத்தான் நிறுத்தினார்கள். முன்பு நீந்தியவர்கள், அந்த ஒரு மணி நேரமும் பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து லேன் காலியாகவே கிடந்தது. நிர்வாகத்திடம் பலமுறை வாதாடி, வகுப்பு நடக்கும் நேரத்தில் அதைக் கட்டணமின்றி அவர்களுக்குத் திறந்துவிட்டேன். அடுத்த வாரமே இரண்டு தாய்மார்கள் நீச்சலுடையோடு வந்தார்கள்.