கிரகரி வாவியில் மூச்சு வாங்கிய எஞ்சின்

மாலைதீவில் இரண்டு வருடமாகப் படகு வேலை. லீவில் நோர்வூட்டுக்கு வந்த நான், போன ஞாயிறு மாமாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நுவரெலியா போனேன். கிரகரி வாவியில் போட் ஏறியே ஆகவேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஒரே பிடிவாதம்.

ஆறு பேரை ஏற்றிக்கொண்ட, பின்னால் எஞ்சின் தொங்கும் அவுட்போர்ட் போட் மூக்கைத் தூக்கியபடியே திணறியது. தண்ணீர்மேல் எழும்பவே இல்லை. "எஞ்சின் பழசா மாப்பிள்ளை?" என்றார் மாமா. பழசு காரணமில்லை, உயரம்தான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவு பலத்தை இழந்துவிடும். பிட்ச் குறைந்த, அதாவது ஒரு சுற்றுக்குக் குறைந்த தூரம் தள்ளும் புரொப்பெல்லர் மாட்டினால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

அப்புறம் பேச்சு நான் ஓட்டும் படகுக்குப் போனது. பிரான்ஸில் கட்டியது, 11 மீட்டர் நீளம், இரண்டு டர்போ டீசல் எஞ்சின்கள். எட்டு நொட் (மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர்) வரை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சிக்கனமாகப் போகும். அதற்கு மேலே, தான் எழுப்பிய அலையிலேயே ஏற முயன்று டீசலைக் குடிக்கும். அந்தக் கட்டத்தைத் தாண்டி எழும்பிவிட்டால் 20 நொட்டில் சீராக ஓடும்.

எனக்கு உயிர் அதன் பிளைபிரிட்ஜ்தான். கேபின் கூரைமேல் இன்னொரு ஸ்டியரிங், சுற்றிலும் இருக்கைகள். பக்கவாட்டுக் காற்று படகைத் தள்ளும், கீழே தெரியாத ஆட்டம் மேலே பெரிதாகத் தெரியும், உண்மைதான். ஆனால் வெயில் உச்சியில் இருக்கும்போது மேலே நின்றால் பவளப்பாறை எங்கே இருக்கிறது என்று தண்ணீரின் நிறமே சொல்லிவிடும். கருநீலம் ஆழம், இளம்பச்சை மணல், பழுப்பு பாறை. கீழே உட்கார்ந்தால் வெறும் பளபளப்புதான்.

திரும்பும் வழியில் டிக்கோயா தாண்டி, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னார் மாமா. கெசல்கமு ஓயாவை மறித்து 1965இல் முடித்த அணை. எதிர்க்கரையைக் காட்டினார்.

"தாத்தா கொழுந்து எடுத்த மலை அந்த வளைவுலதான் இருந்துச்சு. ஒன் போட்டுல மேல நின்னா தெரியுமா?"

மழை பெய்து தண்ணீர் கலங்கிக் கிடந்தது. தெரியாது என்றேன். அவர் இறங்கிக் கரை வரைக்கும் போனார்.