விருந்துப் பட்டியலும் மைதானப் பட்டியலும்

மாசி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் எங்கள் திருமணம் நடந்தது. மலையகத்திலிருந்து இரண்டு பஸ்களில் வந்திருந்த என் உறவினர்கள் அன்றிரவே திரும்ப வேண்டியிருந்ததால், பந்தியில் இருந்து எழுந்த கையோடு விடைபெற்றார்கள். புதுப்பெண்ணோடு நாலு வார்த்தை பேசக்கூட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கச் சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில் வீடு வீடாகப் போய் விருந்துண்டு வர வேண்டும் என்று அம்மா உத்தரவிட்டார். கண்டி மகியாவையில் மாமா, நுவரெலியாவில் சித்தப்பா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தில் அத்தை என்று ஒரு பட்டியலும் எழுதித் தந்தார். வரிசை மாறினால் யார் யார் முகத்தைத் தூக்குவார்கள் என்ற குறிப்பு தாளின் பின்பக்கத்தில் இருந்தது.

என் மனைவியிடம் வேறொரு பட்டியல் இருந்தது. அவள் பாடசாலைக் காலத்தில் வலைப்பந்தாட்டம் ஆடியவள்; இலங்கை அணி 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அதில் ஆடிய தர்ஜினி சிவலிங்கம் தன் மண்ணைச் சேர்ந்தவர் என்பதை எந்தப் பேச்சிலும் எப்படியாவது நுழைத்துவிடுவாள். கிரிக்கெட் என்றால் எனக்கு ஓட்ட எண்ணிக்கை மட்டுந்தான் தெரியும், அவளுக்கோ எந்த மைதானத்தில் எந்தப் பக்கமிருந்து காற்று அடிக்கும் என்பதும் தெரியும். “இஞ்சாருங்கோ, கண்டிக்குப் போறதெண்டால் அஸ்கிரியவைப் பாக்காமல் வரேலாது” என்று தொடங்கியவள், பல்லேகல, நித்தவெல, நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடல், கித்துல்கல ஆறு என்று அடுக்கிக்கொண்டே போனாள். விருந்தும் விளையாட்டும் ஒரு பையில் அடங்காது என்று நான் சொல்லிப் பார்த்தேன். பயணம் முடிவதற்குள் அந்தச் சொல்லை நானே விழுங்க வேண்டியதாயிற்று.

கொழும்புக் கோட்டையிலிருந்து பொடி மெனிக்கே புகையிரதத்தில் விடியற்காலையில் ஏறினோம். கண்டியில் இறங்கி மாமா வீட்டில் காலை உணவு முடிந்ததும், அவள் தயங்கித் தயங்கி அஸ்கிரியப் பேச்சை எடுத்தாள். மாமா சட்டென்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். மாமாவுக்குக் கிரிக்கெட்டில் இவ்வளவு ஈடுபாடு உண்டென்பது எனக்கு அதுவரை தெரியாது.

அஸ்கிரிய மைதானம் திருத்துவக் கல்லூரிக்குச் சொந்தமானது. பிரேசர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் அக்கல்லூரியின் அதிபராக இருந்த காலத்தில், மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தி உண்டாக்கியது. பாடசாலை மைதானம் ஒன்றில் டெஸ்ட் போட்டி நடப்பது உலகத்தில் அரிது. இங்கே 1983 ஏப்ரலில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான போட்டியுடன் அது தொடங்கியது. உள்ளே நுழைந்தவுடன் அவள் எல்லைக்கோட்டின் ஒரு பக்கத்தைக் காட்டி, 1999 இல் அவுஸ்திரேலிய வீரர்களான ஸ்டீவ் வோவும் கிலெஸ்பியும் ஒரே பந்தைப் பிடிக்க ஓடி மோதிக்கொண்டது அங்கேதான் இருக்க வேண்டும் என்றாள். ஒருவருக்கு மூக்கும் மற்றவருக்குக் காலும் முறிந்த அந்தப் போட்டியில்தான் இலங்கை அவுஸ்திரேலியாவை டெஸ்டில் முதன்முறையாக வென்றது. மாமா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில், இவள் நம் வீட்டுப் பெண் என்ற முடிவு தெரிந்தது.

பிறகு மாமா தன் கதையைச் சொன்னார். 2007 டிசம்பரில் இங்கிலாந்துக்கு எதிரான போட்டி சனிக்கிழமை தொடங்கியது. ஞாயிறு மாலையில் முத்தையா முரளிதரன் ஷேன் வோர்னின் உலக சாதனையான 708 டெஸ்ட் விக்கெட்டுகளை எட்டிவிட்டார். இன்னும் ஒன்றுதான் வேண்டும். திங்கட்கிழமை மாமாவின் கடைக்குச் சரக்கு வரும் நாள். சரக்கைத் திண்ணையில் இறக்கிப் போடச் சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டினாராம். கூட்டத்தின் நடுவில் நின்று, பக்கத்தில் நின்ற ஒருவரிடம் தீப்பெட்டி கேட்பதற்காகத் தலையைத் திருப்பிய நொடியில் மைதானமே அதிர்ந்திருக்கிறது. கொலிங்வுட்டின் விக்கெட்டைப் பந்து தகர்த்துவிட்டது. 709 ஆவது விக்கெட்டை மாமா நேரில் பார்க்கவில்லை. நேரில் இருந்தார், அவ்வளவுதான். “அன்னைக்கு விட்டதுதான் பீடி” என்று சொல்லிச் சிரித்தார்.

சனத் ஜயசூரிய தன் கடைசி டெஸ்டாக அமைந்த அந்தப் போட்டியில் அண்டர்சனின் ஒரே ஓவரில் ஆறு பவுண்டரிகள் அடித்ததையும் மாமா சொன்னார். ஆனால் அவர் குரல் தளர்ந்தது முரளியைப் பற்றிப் பேசும்போதுதான். தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரின் பேரன், கண்டியில் பிறந்து கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர், தன் ஊர் மைதானத்திலேயே உலக சாதனை படைத்தார் என்பது மகியாவையில் இருந்த ஒவ்வொருவருக்கும் சொந்த வீட்டு விசேஷமாக இருந்ததாம். அந்தப் போட்டிக்குப் பிறகு அஸ்கிரியவில் டெஸ்ட் நடக்கவில்லை.

இப்போது சர்வதேசப் போட்டிகள் பல்லேகலவில்தான். 2009 இல் திறக்கப்பட்டு, 2010 டிசம்பரில் முதல் டெஸ்டைக் கண்ட அந்த மைதானத்தை மறுநாள் பார்த்தோம். புல்மேடும் பின்னால் மலைத்தொடருமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆளில்லாத பெரிய மைதானம், விருந்தினர் போன பிறகு கல்யாண மண்டபம் இருக்கிற மாதிரித்தான். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டோம். நித்தவெலவில் ரக்பிப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. 1874 இல் தொடங்கிய கண்டி விளையாட்டுக் கழகத்தின் மைதானம் அது. கண்டிக்காரர்களுக்கு ரக்பி எவ்வளவு பெரிய விடயம் என்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். றோயல் கல்லூரியும் திருத்துவக் கல்லூரியும் 1945 முதல் மோதிவரும் பிரட்பி கேடயப் போட்டி நாளில் நகரத்தில் முச்சக்கர வண்டி கிடைக்காது என்றார் மாமா. கிரிக்கெட் இரசிகையான என் மனைவி ரக்பியை முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை. பந்து ஏன் உருண்டையாக இல்லை என்பது அவளுடைய முதல் ஆட்சேபம்.

நுவரெலியாவுக்கு நாங்கள் போன நேரத்தில் ஊர் வசந்த காலக் கூட்டத்தில் திணறிக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் வீட்டில் மதிய விருந்து முடிய மூன்று மணியாகிவிட்டது. எங்களுக்கு முன்னால் ஒரு மலை சோறும், அதைச் சுற்றி ஏழெட்டுக் கறிகளும் வைத்துவிட்டு, சித்தி எதிரில் உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசி இரண்டு ஓட்டங்கள்தான் மிச்சமிருந்தன. 1875 இல் அமைக்கப்பட்ட திடல் என்று சொல்கிறார்கள். பெரிய தொப்பி வைத்த கொழும்புச் சீமாட்டிகள் ஒருபுறமும், குழந்தைகளைத் தோளில் ஏற்றிய தோட்டத்துக் குடும்பங்கள் வேலியோரமாக மறுபுறமும் நிற்க, நடுவில் மழை எல்லோருக்கும் பொதுவாகப் பெய்தது. நாங்கள் வேலியோரத்தில் நின்றோம். குதிரைகள் எங்களைக் கடந்து போனது நாலைந்து நொடிகள்தான். அதற்குள் அவளுடைய புதுச்சேலையில் முழங்கால் வரை சேறு. அதைத் தட்டிவிடாமல் அப்படியே வைத்துக்கொண்டு, குளம்பொலி காலுக்கடியில் தெரிந்ததா என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் குளிர்.

திரும்பும் வழியில் கொல்ஃப் திடலைக் கடந்தபோது சித்தப்பா நின்றார். அந்தத் திடலில் சிறுவனாக இருந்தபோது மட்டைப் பை சுமந்ததாகச் சொன்னார். 1889 இல் தொடங்கிய கழகம், பதினெட்டுக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று அவருக்கு இன்றும் நினைவிருக்கிறது. “நான் ஒரு நாளும் அடிச்சதில்ல, ஆனா எங்க அடிக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கேன்” என்றார். அந்த வீட்டில் பல முறை தங்கியிருந்தும், அவர் மட்டைப் பை சுமந்தவர் என்பதை அன்றுவரை நான் கேட்டறிந்ததில்லை.

அட்டன் வழியாக அத்தையின் தோட்டத்தை அடைந்தபோது மாலை மங்கிவிட்டது. வாசலிலேயே ஆரத்தி. என் மனைவி தன் ஊர் வழக்கப்படி “மாமி” என்று அழைத்ததும் அத்தைக்கு ஒப்பவில்லை. “அத்தைன்னு கூப்பிடு தாயி, மாமின்னா ஐயரு வூட்டம்மாவ கூப்புடுற மாதிரி இருக்கு” என்றார். அன்றிரவு முழுவதும் மாமியும் அத்தையும் அவள் நாக்கில் மல்லுக்கட்டின. மறுநாள் காலை கோதுமை ரொட்டியும் இடித்த சம்பலும் சாயத்தண்ணியும் வந்தபோது “அத்தை” ஒருவாறு வென்றிருந்தது.

தோட்டத்துக்குக் கீழே, துரைமார் ஒரு காலத்தில் ஆடிய கிளப் மைதானம் ஒன்று இருக்கிறது. பெயர் எதற்கு? அதன் ஓரத்தில், யூகலிப்டஸ் மரத்தடியில், பாதி மண்ணில் புதைந்த இரும்பு ரோலர் ஒன்று கிடக்கிறது. அத்தை எங்களை அங்கே அழைத்துப் போனார். எங்கள் தாத்தாவும் இன்னும் ஐந்து பேரும் சனிக்கிழமைகளில் கொழுந்துக் காட்டு வேலையை விட்டு வந்து அந்த ரோலரை இழுத்திருக்கிறார்கள். அதற்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவார்களாம். ஆடுகளம் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த அரைப் பேரும் வெட்டு. ஆட்டம் தொடங்கியதும் அவர்கள் வேலிக்கு வெளியே போய்விட வேண்டும். தாத்தா வேலிக்கு வெளியே நின்றே ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, இரவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் பிள்ளைகளுக்கு விறகுக் கட்டையால் அடித்துக் காட்டியிருக்கிறார்.

ரோலரின் கைப்பிடி கருங்காலியைப் போல் வழவழப்பாக இருந்தது. துரு ஏறிய உடம்பில் அந்த இடத்தில் மட்டும் துரு குறைவு. என் மனைவி இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்; அசையவில்லை. கைப்பையிலிருந்து தன் பட்டியலை எடுத்து, அத்தையிடம் தாத்தாவின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு, அஸ்கிரியவுக்கு மேலே எழுதினாள்.

அன்று பின்னேரம் லயத்து வாசலில் டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். அகலம் பத்தடி, ஒருபுறம் லயத்துச் சுவர், மறுபுறம் கான் என்கிற வடிகால், அதற்கப்பால் சரிவாகத் தேயிலை. அதற்கென்று சட்டங்கள் உண்டு. தகரக் கூரையில் பந்து விழுந்தால் ஆட்டமிழப்பு. கானில் விழுந்தால் இரண்டு ஓட்டம். தேயிலைக்குள் போனால் அடித்தவரே அட்டை கடிபட்டுத் தேடி எடுத்து வர வேண்டும், அதுவரை ஆட்டம் நிற்கும். ஆகையால் அங்கே வளர்ந்த பையன்கள் எல்லோரும் பந்தைத் தரையோடு நேராக அடிப்பவர்கள். என் மனைவி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு களத்தடுப்புக்கு நின்றாள். தேயிலையை நோக்கி உயர்ந்த ஒரு பந்தை, வலைப்பந்தாட்டத்தில் கோலை மறிப்பதுபோல் எகிறி ஒற்றைக் கையால் பிடித்தபோது, வாசற்படிகளில் உட்கார்ந்திருந்த பெண்கள் கைதட்டினார்கள். அடித்த பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். புதுப்பெண் பிடித்த பந்து கணக்கில் சேராது என்று வாதாடினான். அத்தைதான் நடுவர், ஆட்டமிழப்பு என்று தீர்த்துவிட்டார். நானும் துடுப்பெடுத்து ஆடினேன். முதல் பந்திலேயே கூரை.

கொழும்பு திரும்பும் வழியில் கித்துல்கலவில் இறங்கி ராஃப்டிங் போனோம். பொகவந்தலாவைப் பக்கத்தில் ஓடும் கெஹெல்கமு ஓயாதான் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கி, நோர்ட்டன் தாண்டி, மின் நிலையங்களின் விசையாழிகளைச் சுழற்றிவிட்டு, மஸ்கெலி ஓயாவோடு கூடிக் களனி கங்கையாக அங்கே வருகிறது. அத்தை வீட்டில் குளித்த தண்ணீரே முன்னால் வந்து காத்திருந்ததைப்போல எனக்குப் பட்டது. தலைக்கவசம், மிதவை மேலங்கி எல்லாம் மாட்டி, வழிகாட்டி “முன்னால்” என்றால் முன்னாலும் “நிறுத்து” என்றால் நிறுத்தியும் துடுப்புப் போட்டோம். மூன்றாவது நீர்ச்சுழிப்பில் ஆறு என் இடது செருப்பை எடுத்துக்கொண்டது. செருப்பைக் கழற்றிக் கரையில் வைக்கச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. அவிசாவளை வரைக்கும் பஸ்ஸில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தேன். பையின் அடியில் அத்தை கட்டிக் கொடுத்த ரொட்டி மட்டும் நனையாமல் இருந்தது. அதைப் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் அத்தையின் கைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அந்தப் பன்னிரண்டு வயதுப் பையன். என்னைக் கேட்கவில்லை. தீபாவளிக்கு வரும்போது பச்சை நிற டென்னிஸ் பந்து ஆறு கொண்டுவர வேண்டும், மலிவானது வேண்டாம், சுவரில் பட்டவுடன் வெடித்துவிடும் என்று அக்காவிடம் சொல்லச் சொன்னான்.