நான்காவது மூலை

பழையதாக வாங்கிய, கூரையை உயர்த்தி விரிக்கும் முகாம் டிரெய்லர். கூரையைத் தூக்கக் கைப்பிடியைப் பத்துச் சுற்று சுற்றியிருப்பேன். கூரையின் மூன்று மூலைகள் எழுந்துவிட்டன. வலப்பக்கப் பின்மூலை மட்டும் அப்படியே நின்றது.

உடனே நிறுத்திவிட்டேன். பலம் கொண்ட மட்டும் சுற்றினால் கம்பிவடம் அறுந்துவிடும்.

மகள் உள்ளே எட்டிப் பார்க்கப் போனாள். "கட்டை கொடுக்கும் வரை தலையை நீட்டாதே கண்ணு" என்றேன். நான்கு மூலைக்கும் மரக்கட்டை முட்டுக்கொடுத்த பிறகுதான் டார்ச்சோடு டிரெய்லருக்கு அடியில் படுத்தேன்.

கைப்பிடியால் சுற்றும் உருளையான வின்ச்சிலிருந்து வரும் ஒரே வடம் நடுவில் நான்காகப் பிரிந்து, கப்பிகள் வழியாக மூலைகளுக்குப் போகிறது. மூன்று கப்பிகள் விரலால் தள்ளினாலே உருண்டன. நான்காவது துருவேறி இறுகிக் கிடந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக் குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்புத் தூவுவார்கள். அடிப்பக்க இரும்பை அதுதான் தின்கிறது.

அந்தக் கப்பியின் விளிம்பில் ஒரே இடத்தில் ஆழமான தடம். உருளாத கப்பியின் மேல் வடம் பல வருடங்களாக உரசி உரசி இழுத்த தடம். வடத்திலும் இரண்டு இழை பிரிந்திருந்தது.

விற்றவர் "கொஞ்சம் கனமாகச் சுற்றும், அவ்வளவுதான்" என்றிருந்தார். அந்தக் கனம்தான் இத்தனை நாளும் இந்த மூலையின் குரல். அப்பாவின் முழங்கால் வலியையும் நாங்கள் "வயசாச்சு, அப்படித்தான்" என்றே சொல்லிவந்தோம்.

கப்பி, வடம் இரண்டுக்கும் ஆர்டர் போட்டாயிற்று.

இரவு ஊருக்கு போன் செய்து, அப்பாவிடம் எந்தக் கால் என்று கேட்டேன்.