டேட்டா வேலிடேஷன் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்?

எக்செலில் ஒரு செல்லுக்குள் என்ன வரலாம், என்ன வரக்கூடாது என்று விதி போட டேட்டா வேலிடேஷன் இருக்கிறது. பல பேர் நிரப்பப் போகும் ஷீட்டை இது இல்லாமல் அனுப்பவே கூடாது. ஆனால் இது காவல் காப்பது கீபோர்டை மட்டும்தான். அது தெரியாமல் விதியை நம்பினால் தப்பான தரவு வந்துகொண்டேயிருக்கும், நமக்குத் தெரியாது.

செல்களைத் தேர்ந்தெடுத்து, டேட்டா டேபில் டேட்டா வேலிடேஷனைத் திறக்கவும். ஆல்ட், ஏ, வி, வி என்று ஒவ்வொன்றாக அழுத்தினாலும் திறக்கும். முழு எண், தசம எண், லிஸ்ட், தேதி, நேரம், எழுத்து நீளம், கஸ்டம் என்று வகைகள் உண்டு. எரர் அலர்ட்டில் 'ஸ்டாப்' இருந்தால்தான் உண்மையில் தடுக்கும். 'வார்னிங்', 'இன்ஃபர்மேஷன்' இரண்டும் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு, வேண்டுமென்றால் உள்ளே விட்டுவிடும். கூகுள் ஷீட்ஸிலும் இதே கதைதான்: உள்ளீட்டை நிராகரிக்கும் தேர்வைப் போடாவிட்டால் எச்சரிக்கை மட்டும் வரும். லிப்ரே ஆபிஸ் கால்கில் டேட்டா மெனுவில் வேலிடிட்டி என்று தேடுங்கள்.

லிஸ்ட்டின் மதிப்புகளைப் பெட்டிக்குள்ளேயே தட்டலாம், ஆனால் 255 எழுத்துகளுக்கு மேல் போகாது. அப்படித் தட்டிய ஆங்கிலப் பட்டியலில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசமும் பார்க்கும். தனி ஷீட்டில் பட்டியலை வைத்து அந்த ரேஞ்சை, அதாவது பட்டியல் இருக்கும் செல்களை, காட்டுவதே நல்லது. அந்த ரேஞ்சுக்குப் பெயர் வைத்து, அதற்குள் ஒரு வெற்று செல் இருந்து, காலியை அனுமதிக்கும் 'இக்னோர் பிளாங்க்' டிக்கும் இருந்தால் விதி செத்துப்போகும்: எதைத் தட்டினாலும் ஏற்கும். டிராப்டவுன் அம்புக்குறி அப்படியே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. 'இக்னோர் பிளாங்க்' டிக்கை எடுத்தாலும், டெலீட் அழுத்தி செல்லைக் காலியாக்குவதைத் தடுக்க முடியாது. கட்டாயம் நிரப்ப வேண்டிய செல் என்று ஒன்றை இந்த வசதியால் உருவாக்கவே முடியாது.

தேதி விதியிலும் கவனம் வேண்டும். எக்செலுக்குத் தேதி என்பது ஒரு எண். 45000 என்று தட்டினால் அது 15 மார்ச் 2023. அந்த நாள் வரம்புக்குள் இருந்தால் ஏற்றுக்கொள்ளும். நாளும் மாதமும் இடம் மாறியதையும் பிடிக்காது. வரம்பை எவ்வளவு குறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது.

ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது என்றால் கஸ்டம் விதி: கவுண்டிஃப் ஃபங்ஷனால் நெடுவரிசையில் அந்த மதிப்பை எண்ணி, விடை 1 ஆக இருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். ரேஞ்சின் முகவரி வரிக்கு வரி நகராமல் இருக்க அதற்கு டாலர் குறி வேண்டும், சோதிக்கும் செல்லுக்குக் கூடாது. அந்த செல் தேர்வின் ஆக்டிவ் செல்லாகவும், அதாவது தேர்வைத் தொடங்கிய செல்லாகவும், இருக்க வேண்டும். இது பிசகினால் ஒவ்வொரு வரியும் பக்கத்து வரியைச் சோதிக்கும். 16 இலக்க எண்களை டெக்ஸ்ட்டாக வைத்திருந்தால் கவுண்டிஃப் வேண்டாம். அது அவற்றை எண்ணாக மாற்றி முதல் 15 இலக்கத்தை மட்டும் பார்ப்பதால், கடைசி இலக்கம் வேறாக இருந்தாலும் 'ஏற்கெனவே உள்ளது' என்று தடுத்துவிடும். பெருக்கிக் கூட்டும் ஃபங்ஷனான சம்ப்ராடக்ட் வைத்து நேராக ஒப்பிடுங்கள்.

பெரிய ஓட்டை பேஸ்ட்தான். வேறு செல்லைக் காப்பி செய்து போட்டால் மதிப்போடு விதியும் அழிந்துவிடும். பேஸ்ட் ஸ்பெஷலில் மதிப்பை மட்டும் ஒட்டினால் விதி பிழைக்கும், ஆனால் சோதனை நடக்காது. மேக்ரோ எழுதும் மதிப்பு, ஃபார்முலாவின் விடை மாறுவது, விதி போடும் முன்பே இருந்த தரவு, எதையும் அது கண்டுகொள்ளாது. பழைய தரவுக்கு, விதியை மீறும் செல்களை வட்டமிட்டுக் காட்டும் 'சர்க்கிள் இன்வேலிட் டேட்டா' உண்டு. ஆனால் விதி அழிந்துபோன செல்லை அது வட்டமிடாது, வட்டமும் ஒரு முறைக்கு 255 செல்களோடு நின்றுவிடும்.

அதனால் சோதனையை வேறு ஷீட்டில், பூட்டி வையுங்கள். நெடுவரிசையில் நிரம்பிய செல்கள் எத்தனை என்று கவுண்டே ஃபங்ஷனால் எண்ணுங்கள். பட்டியலின் மதிப்புகள் அதில் மொத்தம் எத்தனை முறை வருகின்றன என்று சம்ப்ராடக்ட்டுக்குள் கவுண்டிஃப் போட்டு எண்ணுங்கள். இரண்டும் சமமாக இல்லையென்றால் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று நுழைந்திருக்கிறது. அழிந்த விதியைத் திரும்பப் போட, விதி பிழைத்திருக்கும் ஒரு செல்லைக் காப்பி செய்து, நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் 'வேலிடேஷன்' மட்டும் ஒட்டினால் போதும். உள்ளே இருக்கும் தரவு மாறாது.