ஃபோன் தொலைந்தால் முதலில் எதை மூடுவது?

உளுந்தூர்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலை ஹோட்டலில் பஸ் பதினைந்து நிமிடம் நிற்கும். பக்கத்து பிளக்கில் ஃபோனைச் சொருகிவிட்டுக் கைகழுவப் போனவர், ஹாரன் சத்தம் கேட்டதும் ஓடிவந்து ஏறிவிடுவார். திருச்சி நெருங்கும்போதுதான் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பார். ஊர் ஊராகச் சுற்றும் விற்பனை, சர்வீஸ் ஆட்களுக்கான பாதுகாப்பு ஏற்பாட்டை இந்தக் காட்சியை மனதில் வைத்தே நாங்கள் அமைத்தோம்.

இப்படித் தொலைந்ததும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ரிமோட் வைப், அதாவது ஃபோனில் உள்ளதைத் தூரத்திலிருந்தே அழிப்பது. ஆனால் அந்தக் கட்டளை ஃபோனுக்கு நெட் கிடைத்தால்தான் போய்ச் சேரும். எடுத்தவர் ஸ்விட்ச் ஆஃப் செய்துவிட்டால் வரிசையிலேயே காத்துக் கிடக்கும். அதனால் முதல் வேலை, அவருடைய அலுவலகக் கணக்கில் திறந்திருக்கும் செஷன்களை, அதாவது லாகின் ஆகியிருக்கும் இணைப்புகளை எல்லாம் ரத்து செய்வது. மின்னஞ்சல், ஆவணச் சேவையான மைக்ரோசாஃப்ட் 365இல் அதைச் செய்த பிறகும், ஏற்கெனவே வழங்கிய டோக்கன் (உள்ளே இருக்க விடும் அனுமதிச் சீட்டு) சில செயலிகளில் 60 முதல் 90 நிமிடம் வரை உயிரோடு இருக்கும். தகவல் சீக்கிரம் வந்தாக வேண்டும் என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதனால்தான். வைப் கட்டளை இரண்டாவது. சிம்மை முடக்குவது மூன்றாவது, ஆனால் அதே மூச்சில்.

சிம்மைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திரைப்பூட்டு எவ்வளவு வலுவாக இருந்தாலும், சிம்மைக் கழற்றி வேறு ஃபோனில் போட்டால் ஓடிபி அங்கே வந்துவிடும். இதற்குத் தடை, சிம்முக்கே போடும் பூட்டு எண்ணான சிம் பின் (PIN). அதைப் போடும்போது சிம் நிறுவனம் கொடுத்த பழைய பின் எண்ணைக் கேட்கும். ஊகித்து மூன்று முறை தவறாக அடித்தால் சிம் பூட்டிக்கொண்டு பியூகே என்ற திறப்பு எண்ணைக் கேட்கும். பழைய எண்ணைத் தெரிந்துகொண்ட பிறகே செட்டிங்ஸுக்குள் போகச் சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல்: மாற்று சிம் வாங்கினாலும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. சிம் மோசடியைத் தடுக்க வைத்த விதி அது, நல்ல விதிதான். ஆனால் லாகின் எஸ்எம்எஸ் ஓடிபியை நம்பி இருந்தால் அவருக்கு ஒரு நாள் வேலை போய்விடும். ஆகவே கடவுச்சொல், ஓடிபி இல்லாமல் கருவியின் பூட்டைத் திறந்தே நுழையும் பாஸ்கீக்கு மாறினோம், அதையும் ஃபோனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று என இரண்டாக. போலி லாகின் பக்கத்தில் பாஸ்கீ வேலை செய்யாது என்பது கூடுதல் பலன்.

லாகினை உறுதிசெய்யும் ஆதென்டிகேட்டர் செயலியில் 'அனுமதி' பொத்தானை மட்டும் வைத்திருப்பது ஆபத்து. 2022இல் ஊபருக்குள் நுழைந்தவர், அடுத்தடுத்து அறிவிப்புகளை அனுப்பியே ஒருவரை ஒப்புதல் கொடுக்க வைத்தார். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர் தொந்தரவு ஒழியட்டும் என்று தட்டிவிடுவார். லாகின் திரையில் தெரியும் எண்ணை ஃபோனில் அடிக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதம் கட்டாயமாக்கியது சரியான முடிவு.

'சென்னையில் லாகின், பத்து நிமிடத்தில் மும்பையில் லாகின்' போன்ற எச்சரிக்கைகளை நம்பி ஆளைப் பூட்டாதீர்கள். மொபைல் டேட்டாவின் ஐபி முகவரி ஆள் இருக்கும் ஊரை விட்டு வேறு ஊரைக் காட்டுவது சகஜம். பதிவு செய்த கருவியா என்று பார்ப்பதே நம்பகமான அளவுகோல்.

லேப்டாப் பற்றி ஒன்றே ஒன்று: விண்டோஸில் வட்டைப் பூட்டும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி அதே பையில் வைத்தால் பூட்டுக்கு அர்த்தமில்லை.

தகவல் ஏன் தாமதமாக வருகிறது? சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயமும், குழந்தை படங்கள் அழிந்துவிடும் என்ற பயமும்தான். சொந்த ஃபோன் என்றால் அலுவலகச் செயலிகளைத் தனியாகப் பிரித்து வைக்கும் ஒர்க் புரொஃபைல் போடுகிறோம். பெட்டிச் சின்னம் உள்ள செயலிகள் மட்டும் நிறுவனத்துடையவை, அழிவதும் அவை மட்டுமே. இதை அவர் கையிலேயே ஒரு முறை அழித்துக் காட்டினால் நம்புகிறார். உடனே சொன்னால் பிடித்தம் கிடையாது என்பதை எழுத்தில் கொடுங்கள். எந்த மென்பொருளையும்விட அந்தத் தாள் அதிகம் காப்பாற்றும்.

கருவியைக் கொடுக்கும் நாளிலேயே *#06# அடித்து, கருவியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காவல் துறைப் புகாரோடு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஃபோனை முடக்க அது வேண்டும். யாராவது கணக்குக்குள் நுழைந்தது தெரிந்தால் நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு நடவடிக்கையும் எடுத்த நேரத்தை எழுதி வையுங்கள்.

கடைசியில் புது ஃபோன். "நான்தான் பேசுகிறேன், லாகின் கொடுங்கள்" என்று வரும் அழைப்பிலேயே தற்காலிகக் குறியீட்டைச் சொல்லிவிடக் கூடாது. மேலாளர் வீடியோவில் முகம் பார்த்து உறுதி சொன்ன பிறகு, ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும், ஒரே முறை பயன்படும் குறியீட்டை அந்த மேலாளர் வழியாகவே தருகிறோம்.