கரண்டா, பெல்ற்றா: என் கொரோலாவில் சூப்பர்சார்ஜர் பூட்டிப் பார்த்தது

முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் நெல் மூட்டை ஏற்றிய லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் என் கொரோலாவின் குறை தெரிந்துவிடும். 110 மொடல், 1500 சீசீ, 5ஏ-எஃப்ஈ எஞ்சின். ஏசி போட்டுக்கொண்டு 45இல் போகும்போது மிதித்தால் சத்தம்தான் கூடும். வேகம் ஏறுவதற்குள் எதிரே பஸ் வந்துவிடும். 120இல் பறக்கும் ஆசை எனக்கு இல்லை, இலங்கையில் ஊருக்கு வெளியே சட்டப்படி 70தான் எல்லை. 40க்கும் 70க்கும் நடுவில் ஒரு தள்ளல் கிடைத்தால் போதும். அதற்குத்தான் சூப்பர்சார்ஜர்: காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி. அதை மின்சாரத்தாலும் சுழற்றலாம், எஞ்சினோடு இணைத்த பெல்ற்றாலும் சுழற்றலாம்.

முதலில் வாங்கியது, சிகரெட் லைற்றர் துளையில் செருகும் சின்ன மின்விசிறி. 'எலெக்ற்றிக் டர்போ' என்று விற்கிறார்கள். அழுத்தமானி முள் அசையவே இல்லை. கழற்றி வைத்துவிட்டுத்தான் கணக்குப் போட்டேன். முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 3000 சுற்றில் இந்த எஞ்சின் அந்த ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 1900 லீற்றர் காற்றை இழுக்கிறது. அதற்கு 0.3 பார் (1 பார் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) மேலதிக அழுத்தம் கொடுக்க 2 கிலோவாற்றுக்கு மேல் வேண்டும், 4000 சுற்றில் 3 கிலோவாற். 14 வோல்ற்றில் 3 கிலோவாற் என்றால் 200 அம்பியருக்கு மேல். எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் என் ஓல்ற்றனேற்றர் தருவது 70 அம்பியர். அந்த மின்விசிறி எடுத்ததோ 10 அம்பியர்கூட இல்லை.

அதற்காக மின்சார முறையே பொய் என்று சொல்ல வரவில்லை. அவுடி 2016இல் எஸ்க்யூ7 காரில் 48 வோல்ற் அமைப்பில் 7 கிலோவாற் கம்பிரஸர் வைத்தது. கால் செக்கனில் 70,000 சுற்றுக்குப் போய்விடும். அங்கேயும் அதன் வேலை, புகைக்காற்றால் சுழலும் டர்போக்கள் வேகம் எடுக்கும் வரை இடைவெளியை நிரப்புவது மட்டும்தான்.

அந்த நம்பிக்கையில் இரண்டாவது முயற்சி: ஒன்றரைக் கிலோவாற் பிரஷ் இல்லாத மோட்டார் புளோவர், டிக்கியில் நாலு 12 வோல்ற் மோட்டார் சைக்கிள் பற்றரி. 2000 சுற்றில் மிதித்த உடனேயே 0.15 பார் வந்தது. அந்த உடனடித்தன்மையை நான் இன்னும் மறக்கவில்லை, காலுக்கும் காருக்கும் இடையில் தாமதமே இல்லை. ஆனால் 4000 சுற்றில் அது 0.05க்கு இறங்கிவிடும். முந்தும்போது சரியாக நடுவழியில் கைவிடுகிற மாதிரி. கிளிநொச்சியில் முழு சார்ஜுடன் கிளம்பினால், நாலைந்து லொறியை முந்தி, புளியங்குளம் வரும்போது பற்றரி வோல்ற்றேஜ் விழுந்துவிடும். ஓல்ற்றனேற்றர் 48 வோல்ற் ஏற்றாது. வீட்டுக்கு வந்துதான் செருக வேண்டும்.

சரி, பெல்ற்றுக்கு வந்தேன். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தது டொயோட்டாவின் எஸ்சி12, பெல்ற்றால் சுழலும் சூப்பர்சார்ஜர். டொயோட்டா இதைப் பூட்டி வந்த 4ஏ-ஜிஇசட்ஈ எஞ்சினும் என் எஞ்சினும் ஒரே ஏ வரிசை, அதனால் தாங்கி செய்வது பெரிய போராட்டமாக இல்லை. கப்பிதான் யோசிக்க வைத்தது. எஸ்சி12 ஒரு சுற்றுக்கு 1200 சீசீ காற்றைத் தள்ளும், என் எஞ்சின் ஒரு சுற்றுக்கு 750 சீசீதான் விழுங்கும். நேராக இணைத்தால் அழுத்தம் எகிறிவிடும். அந்த 4ஏ-ஜிஇசட்ஈயின் முதல் மொடலில் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 8, என்னுடையது 9.8. அது கூடக் கூட மேலதிக அழுத்தத்தைத் தாங்குவது குறையும். ஆகவே எஞ்சின் ஐந்து சுற்றுக்கு சார்ஜர் நாலு சுற்று வருமாறு லேத்தில் கப்பியைப் பெரிதாகக் கடைந்தேன். அழுத்தம் 0.28 பாரில் நின்றது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சார்ஜரைப் பெல்ற்றோடு இணைத்தும் பிரித்தும் விடும் மின்காந்தக் கிளச். ஏசி கம்பிரஸரில் இருப்பது போன்றதுதான். மிதியில் ஒரு சுவிட்ச் வைத்து, பாதிக்கு மேல் மிதித்தால் மட்டும் பிடிக்க விட்டேன். மற்ற நேரம் காற்று பைபாஸ் குழாயால் போகிறது. லீற்றருக்கு 13 கிலோமீற்றர் ஓடியது இப்போது 12 ஓடுகிறது.

பெற்றோலுக்கு, அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் ரெகுலேற்றர் போட்டேன். தீப்பொறி நேரத்தில்தான் பிழை விட்டேன். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை பாகை முன்னால் பொறி விழுகிறது என்பதுதான் அது, அழுத்தம் கூடினால் அதைக் குறைக்க வேண்டும். 10 பாகையில் இருந்ததை 8க்கு மட்டும் இறக்கிவிட்டு, 92 ஒக்ரேன் அடித்து, கராஜ் அண்ணையை ஏற்றிக்கொண்டு பரந்தன் முல்லைத்தீவு வீதியில் போனேன். இரண்டாவது முறை மிதித்ததும் சொன்னார்: "தம்பி, ரேடியோவை நிப்பாட்டு. உள்ளுக்கை கல்லுக் குலுக்கிற மாதிரிக் கேக்குது. காலை எடு."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. 90களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சில சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் வன்னி முழுக்க ஓட்டியவர்களில் அவரும் ஒருவர். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் (நேரம் தப்பி வெடிக்காமல் தாங்கும் திறன்) குறைவு, சுமை ஏறினால் உள்ளே இடிக்கும். அந்த இடியைக் கேட்டுக் கேட்டு எஞ்சினைக் காப்பாற்றிய காது அது. அன்றே 6 பாகைக்கு இறக்கினோம், 95 ஒக்ரேனுக்கும் மாறினேன்.

நாலாம் கியரில் 40இலிருந்து 70: ஒன்றும் இல்லாமல் 9.2 செக்கன், மின்சாரத்தில் 8.5, பெல்ற்றில் 7.3. இரண்டு செக்கன் சின்னதாகத் தெரியலாம். லொறிக்குப் பக்கத்தில், எதிர்ப் பாதையில் நிற்கும் நேரத்தில் இரண்டு செக்கன் குறைகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

என் காருக்குப் பெல்ற்றுத்தான். காரிலேயே 48 வோல்ற் அமைப்பு இருப்பவர் மின்சாரத்தைத் தேர்ந்தால் நான் மறுக்கமாட்டேன், 2000 சுற்றுக்குக் கீழே அதன் சுறுசுறுப்பு பெல்ற்றுக்கு வராது.

இன்னும் இரண்டு வேலை பாக்கி. மத்தியானம் வெளியில் 35 பாகை என்றால் சார்ஜருக்குப் பிறகு காற்று 80ஐத் தாண்டுகிறது, அதைக் குளிர வைக்க இன்டர்கூலர் வைக்க வேண்டும். அப்புறம் கிரவல் தூசி. சார்ஜருக்குள் காற்றைத் தள்ளும் ரோட்டர்களுக்கு இடையில் மயிரிழை இடைவெளிதான், மல்லாவிப் பக்கம் உள்வீதிகளில் ஒரு நாள் ஓடிவிட்டுத் திறந்தால் வடிகட்டி செம்மண் நிறத்தில் இருக்கிறது. வடிகட்டிப் பெட்டியை உயரத்துக்கு மாற்றத் தகரம் வெட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறு அண்ணை வருகிறார்.